மெஷின் முதலில் யாரிடம் பேச வேண்டும்? பீனியாவிலிருந்து ஒரு கேள்வி பதில்

வணக்கம். பெங்களூர் பீனியா இண்டஸ்ட்ரியல் ஏரியாவுக்கு நான் வந்து 23 வருஷம் ஆகிறது. முதல் ஒன்பது வருஷம் மெயின்டனன்ஸ். அப்புறம் பழைய மெஷின்களுக்கு சென்சார் பொருத்தி நெட்வொர்க்கில் இணைக்கும் வேலை. வாரத்தில் ஒரு நாள் துமகூரு ரோட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் லேப் எடுக்கிறேன். இணைக்கப்பட்ட மெஷின்கள், அவற்றோடு நாள் முழுக்க நிற்கும் மனிதர்கள், இந்த வேலைக்காகப் படிக்கும் பிள்ளைகள் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று இங்குள்ள தமிழ் நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

கேள்வி (மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவர், யஷ்வந்த்பூர்): சார், எங்களுக்கு இண்டஸ்ட்ரி 4.0 ஒரு பேப்பராக இருக்கிறது. இப்போது 5.0 என்று வேறு சொல்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: தம்பி, 4.0 என்ற பெயர் 2011இல் ஜெர்மனியில் ஹானோவர் கண்காட்சியில் வெளியே வந்தது. மெஷின், சென்சார், கம்ப்யூட்டர் எல்லாம் ஒன்றோடொன்று பேசினால் உற்பத்தி எப்படி மாறும் என்பதுதான் அதன் விஷயம். பத்து வருஷம் கழித்து, 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் 5.0 பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் முக்கியமாகப் பேசியது புது மெஷினைப் பற்றி அல்ல. மனிதனை மையத்தில் வைப்பது, சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் இருப்பது, நெருக்கடி வந்தாலும் தொழில் நின்றுபோகாமல் தாக்குப்பிடிப்பது என்று மூன்று நோக்கங்களைப் பற்றி. பரீட்சைக்கு இவ்வளவு போதும்.

உண்மையில் புரிய வேண்டும் என்றால் நூறு வருஷம் பின்னால் போக வேண்டும். ஜப்பானில் சகிச்சி டொயோடா 1924இல் ஒரு தானியங்கித் தறியை முடித்தார். நூல் அறுந்தால் அந்தத் தறி தானாக நின்றுவிடும். அப்படி நிற்காத தறி என்றால், நூல் அறுகிறதா என்று ஒரு ஆள் முன்னாலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கண் அசந்தால் துணி பாழ். தறியே நின்று கூப்பிட ஆரம்பித்ததும் ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. இந்த யோசனைக்கு ஜிடோகா என்று பெயர். ஜப்பானிய மொழியில் தானியங்கி என்று எழுதும்போது 'அசைவு' என்பதற்கு ஓர் எழுத்து வரும். டொயோட்டாக்காரர்கள் அந்த எழுத்தின் பக்கத்தில் மனிதனைக் குறிக்கும் உறுப்பைச் சேர்த்து எழுதினார்கள். அந்தச் சின்ன உறுப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

புதிதாக எந்தச் சிஸ்டத்தைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: சென்சார் கண்டுபிடித்ததை முதலில் யாரிடம் சொல்கிறது? மெஷின் பக்கத்தில் நிற்பவரிடமா, மாடி ரூமில் இருப்பவரிடமா? இங்கே வந்த பாதிக் கேள்விகளுக்கு என் பதில் இதில்தான் போய் முடியும்.

கேள்வி (சொந்தப் பட்டறை, பீனியா இரண்டாம் ஸ்டேஜ்): அண்ணா, என்னிடம் 11 மெஷின். ஏழு சி.என்.சி. (கம்ப்யூட்டர் கட்டளையில் ஓடுபவை), நாலு சாதா லேத். எல்லாவற்றையும் இணைத்து ஒரே ஸ்கிரீனில் காட்டும் டேஷ்போர்டு போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். தொகையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. கஸ்டமரோ மெஷின் டேட்டா வேண்டும் என்கிறார். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: கொட்டேஷனை டிராயரில் வையுங்கள், கிழிக்க வேண்டாம். ஆறு மாதம் கழித்து எடுத்துப் படித்தால் அதில் எது தேவை, எது வேண்டாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் ஒரே ஒரு மெஷினை எடுங்கள். எது நின்றால் அன்றைக்கு டெஸ்பாட்ச் நின்றுவிடுமோ அது. அதன் பேனலுக்குள் ஒரு கரண்ட் சென்சார் போதும். வயரைச் சுற்றிக் கவ்வும் ரகம், எதையும் வெட்ட வேண்டாம். மூன்று ஃபேஸும் சேர்ந்து வரும் கேபிளைக் கவ்விவிட்டு ரீடிங்கே வரவில்லை என்று எனக்கு போன் செய்தவர்கள் உண்டு. மூன்றும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும், பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் காட்டும். ஒரு ஃபேஸ் வயரை மட்டும் கவ்வ வேண்டும். பேனலைத் திறப்பதால் மெயின் ஆஃப் செய்து, எலக்ட்ரீஷியனை வைத்துத்தான் செய்ய வேண்டும். சென்சாரோடு ஒரு சின்ன வைஃபை போர்டு. எல்லாம் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். மெஷின் வெட்டுகிறதா, சும்மா சுற்றுகிறதா, நிற்கிறதா என்று மூன்று நிலைகள் கிடைத்துவிடும்.

அப்புறம் கணக்கு. ஒரு ஷிஃப்ட் 480 நிமிஷம், சாப்பாடு டீ போக 450. அதில் 90 நிமிஷம் நின்றது என்றால் ஓடியது 360, அதாவது 80 சதவீதம். ஒரு ஜாபுக்கு, அதாவது மெஷினில் செய்யும் ஒரு பாகத்துக்கு, 3 நிமிஷம் என்றால் 120 வந்திருக்க வேண்டும். வந்தது 100, அது 83 சதவீதம். அதில் தேறியது 95, அதாவது 95 சதவீதம். மூன்றையும் பெருக்கினால் 63 சதவீதம் சொச்சம். சரியா என்று குறுக்கு வழியில் பாருங்கள்: நல்ல ஜாப் 95, ஒவ்வொன்றுக்கும் 3 நிமிஷம், ஆக 285 நிமிஷம். 450இல் 285 என்றால் அதே 63. மெஷினின் மொத்தப் பயன்திறன், ஓ.இ.இ. என்று பெரிதாகச் சொல்வது இதைத்தான். இதற்கு டேஷ்போர்டு தேவையில்லை, ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

ஆனால் அந்த 90 நிமிஷம் ஏன் நின்றது என்று சென்சாருக்குத் தெரியாது. இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஒரு பட்டறையில் தினமும் காலை ஷிஃப்ட் தொடங்கி முக்கால் மணி நேரம் மெஷின் நிற்பதாக டேட்டா சொன்னது. ஆபரேட்டர் லேட்டாக வருகிறார், இல்லை போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று ஓனர் முடிவே கட்டிவிட்டார். நான் ஒரு டப்பாவில் நாலு பட்டன் வைத்து மெஷினில் மாட்டினேன். மெட்டீரியல் இல்லை, டூல் மாற்றம், இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காத்திருப்பு, ரிப்பேர். நின்றால் ஆபரேட்டர் ஒன்றை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். ஒரு வாரம் முழுக்க காலையில் மூன்றாவது பட்டனே அழுந்தியது. முதல் ஜாபைப் போட்டு அப்ரூவலுக்குக் கொடுத்துவிட்டு அந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். இன்ஸ்பெக்டரோ ஒன்பது மணிக்குத்தான் வருவார். இன்ஸ்பெக்டரின் நேரத்தை மாற்றினார்கள், முக்கால் மணி நேரம் திரும்பக் கிடைத்தது. அந்தப் பட்டன் இல்லாமல் போயிருந்தால் ஒரு நல்ல தொழிலாளிக்கு மெமோ போயிருக்கும்.

இப்படி இணைத்த மெஷின்களை நேரில் பார்க்க வேண்டும் என்றால் ரொம்ப தூரம் போக வேண்டாம். நம் துமகூரு ரோட்டிலேயே மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனமான சி.எம்.டி.ஐ. இருக்கிறது. மத்திய கனரகத் தொழில் அமைச்சகத்தின் சமர்த் உத்யோக் என்ற இண்டஸ்ட்ரி 4.0 திட்டத்தில் அங்கேயும், ஐ.ஐ.எஸ்.சி.யிலும் மையங்கள் அமைத்திருக்கிறார்கள். போகும்போது உங்கள் மூத்த ஆபரேட்டரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கேட்கும் கேள்விகளுக்குத்தான் அங்கே உருப்படியான பதில் கிடைக்கும்.

கேள்வி (சி.என்.சி. ஆபரேட்டர், ஊர் தருமபுரி பக்கம், இப்போது தாசரஹள்ளி): அண்ணா, 14 வருஷமாக டர்னிங் சென்டர் ஓட்டுகிறேன். போன மாசம் மெஷினுக்கு மேலே ஸ்கிரீன் வைத்தார்கள். பாத்ரூம் போய் வந்தால்கூடச் சிவப்பு காட்டுகிறது. கேமராவும் வரும் என்கிறார்கள். எங்களை வீட்டுக்கு அனுப்பத்தானா இதெல்லாம்?

பதில்: தம்பி, உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

இந்த வேலைக்கு வந்த புதிதில், ஒரு கம்பெனியில் இதே மாதிரி ஸ்கிரீனை நான்தான் பொருத்தினேன். ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. மாதக் கடைசியில் சிவப்பு நிமிஷங்களைக் கூட்டி இன்சென்டிவில் பிடிக்க ஆரம்பித்தார்கள். எனக்கு அது முன்னால் தெரியாது. கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. இரண்டே வாரத்தில் எல்லா மெஷினும் பச்சையாகிவிட்டது. ஆனால் உற்பத்தி குறைந்திருந்தது. போய்ப் பார்த்தால், ஜாப் இல்லாத நேரத்திலும் மெஷினின் சுழலும் தண்டான ஸ்பிண்டிலை ஓடவிட்டு டூலைக் காற்றில் நகர்த்திக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாங்கள் எதை அளந்தோமோ அதைத்தான் கொடுத்தார்கள். அதற்கப்புறம், இந்த டேட்டா யார் சம்பளத்தையாவது தொடுமா என்று கேட்காமல் நான் ஒரு ஸ்க்ரூவைக்கூட முடுக்குவதில்லை.

மெஷின் டேட்டா வேறு, ஆள் டேட்டா வேறு. ஸ்பிண்டில் லோடு, வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் கூலண்டின் சூடு, அலாரம் நம்பர் எல்லாம் மெஷினைப் பற்றியது. யார் எத்தனை மணிக்கு எழுந்து போனார் என்பது ஒரு மனிதரைப் பற்றியது. இரண்டையும் ஒரே ஸ்கிரீனில் கலந்தால் தகராறு அங்கேதான் ஆரம்பிக்கும். நீங்கள் தனியாகப் போய் மல்லுக்கட்ட வேண்டாம். நாலைந்து பேராகச் சூப்பர்வைசரிடம் உட்கார்ந்து, இந்தச் சிவப்பு எங்கே போகிறது, யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று பொறுமையாகக் கேளுங்கள். இயற்கை உபாதைக்குப் போனால் காரணம் சொல்லாமல் அழுத்த ஒரு 'பிரேக்' பட்டன் கேளுங்கள். கேட்கக்கூடிய விஷயம்தான், நான் மூன்று இடத்தில் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

கேமராவில் விழும் உங்கள் முகமும், வருகைப் பதிவு மெஷினில் வைக்கும் கைரேகையும் உங்கள் சொந்தத் தரவு. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. அதிலேயே வேலை சம்பந்தமான சில பயன்பாடுகளுக்கு முதலாளிக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே சட்டத்தை மட்டும் நம்பி உட்கார வேண்டாம், பேச்சுவார்த்தைதான் கைகொடுக்கும்.

வேலை போகுமா என்று நேராகக் கேட்டீர்கள், நேராகவே சொல்கிறேன். ஜாபை எண்ணி ரெஜிஸ்டரில் எழுதும் வேலை போகும். ஒரே ஜாபை ஆயிரக்கணக்கில் போடும் லைனில் ஏற்றி இறக்கும் வேலையும் குறையும். டூல் தேய்ந்ததற்கு ஏற்ப அளவைத் திருத்தி ஆஃப்செட் போடத் தெரிந்தவர், புரோகிராமில் கை வைக்கத் தெரிந்தவர், லோடு மீட்டர் ஏறும்போது டூல் நுனியில் மாட்டும் இன்சர்ட் தேய்ந்ததா மெட்டீரியல் கடினமா என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர், இவர்களைத் தேடித்தான் என்னிடம் போன் வருகிறது. அந்த ஸ்கிரீனில் ஸ்பிண்டில் லோடு கிராஃப் இருக்கும். நாளைக்கு ஒரு இன்சர்ட் புதிதாகப் போட்டதிலிருந்து மாற்றும் வரை அந்தக் கோட்டைக் கவனித்து எழுதி வையுங்கள். 14 வருஷம் உங்கள் காதில் இருந்தது அங்கே கோடாகத் தெரியும்.

கேள்வி (மெயின்டனன்ஸ் இன்ஜினியர், ராஜாஜிநகர்): வைப்ரேஷன் சென்சார் எல்லாம் உண்மையிலேயே பயன்படுமா? எங்கள் பழைய ஃபிட்டர் கேட்டே சொல்லிவிடுவார்.

பதில்: அந்த ஃபிட்டர் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பேரிங் ஹவுசிங்கில் வைப்பார், கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்துவார், கண்ணை மூடிக்கொள்வார். சுற்றியிருக்கும் இரைச்சல் போய் அந்த ஒரு பேரிங் மட்டும் பேசும். எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அப்படித்தான். "மணல் அரைக்கிற மாதிரி இருந்தா கிரீஸ் போடு, கல்லு உருள்ற மாதிரி இருந்தா பேரிங்கை ஆர்டர் போடு" என்பார்.

சென்சார் அதையே எண்ணால் சொல்கிறது. ஒரு மோட்டார் நிமிஷத்துக்கு 1480 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். விநாடிக்கு 24.7 சுற்று. அந்த அதிர்வெண்ணில் மட்டும் ஆட்டம் அதிகம் என்றால் பெரும்பாலும் பேலன்ஸ் கோளாறு. ஒன்பது பந்து உள்ள பேரிங்கில் வெளி வளையத்தில் ஒரு சின்னக் குழி விழுந்தால், ஒவ்வொரு பந்தும் அதைத் தாண்டும்போது ஒரு தட்டு. பந்துகளின் எண்ணிக்கையைச் சுற்றோடு பெருக்கி அதில் 0.4 பங்கு எடுத்தால் சுமார் 89 ஹெர்ட்ஸ். கிராஃபில் அங்கே ஒரு ஊசி எழும்பினால் அதுதான் உங்கள் ஃபிட்டர் சொன்ன கல். மொத்த ஆட்டத்துக்கு ஐ.எஸ்.ஓ. 10816 என்ற சர்வதேசத் தரம் ஓர் எல்லை கொடுத்தது: 15 கிலோவாட் வரை உள்ள சின்ன மெஷின்களுக்கு விநாடிக்கு 1.8 மில்லிமீட்டரைத் தாண்டினால் கவனி, 4.5ஐத் தாண்டினால் நிறுத்து.

அவர் காது இருக்கும்போது இது எதற்கு? ராத்திரி இரண்டு மணிக்கு அவர் தூங்கிக்கொண்டிருப்பார், பேரிங் தூங்காது. அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ அவர் ரிட்டையர் ஆவார். சென்சார் பொருத்தும் அன்று அவரையும் கூட நிறுத்துங்கள். ஒவ்வொரு மோட்டாரிலும் அவர் ஸ்க்ரூடிரைவர் வைத்து நல்லது, சுமார், மோசம் என்று சொல்லட்டும். அதை ரீடிங் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு இடத்தில் 40 மோட்டாருக்கு இப்படிச் செய்தோம். சென்சார் நல்லது என்று காட்டிய இரண்டை அவர் மோசம் என்றார். ஒன்றில் சென்சார் பெயின்ட் மேல் ஒட்டியிருந்தது, பிடிப்பே இல்லை. இன்னொன்றைப் பிரித்தபோது, பேரிங்கின் பந்துகளைப் பிடித்திருக்கும் கூண்டு உடைய ஆரம்பித்திருந்தது. அவர் பெயரை லேபிளில் எழுதச் சொன்னேன். இன்றைக்கும் அந்த ஷெட்டில் புது ஆள் யாராவது ரீடிங் எடுத்தால் முதலில் அந்த லேபிளைப் படிக்கிறார்.

கேள்வி (எலக்ட்ரானிக்ஸ் இறுதியாண்டு மாணவர்): மெஷின்கள் டேட்டா அனுப்பும் முறைகளில் எம்.க்யூ.டி.டி. படிப்பதா, ஓ.பி.சி. யூ.ஏ. படிப்பதா?

பதில்: முதலில் மோட்பஸ் படியுங்கள். 1979இல் வந்தது, இன்றைக்கும் பீனியாவில் எந்த எனர்ஜி மீட்டரைத் திறந்தாலும் பெரும்பாலும் அதுதான் இருக்கும். எம்.க்யூ.டி.டி. 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் சாட்டிலைட் வழியாகக் கண்காணிக்க உருவானது. லைன் மோசமாக இருந்தாலும் சின்னச் செய்தி போய்ச் சேர வேண்டும் என்பதே குறி. சென்சாருக்கு அது போதும். ஓ.பி.சி. யூ.ஏ. எண்ணோடு சேர்த்து அது என்ன எண், என்ன அலகு என்ற அர்த்தத்தையும் சுமந்து வரும், அதனால் மெஷினுக்கு மெஷின் பேச அது நல்லது. மூன்றும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல, ஒரே ஷெட்டில் மூன்றும் இருக்கும்.

கேள்வி (ஒரு தாய், ஸ்ரீராமபுரம்): பையனுக்கு மெக்கானிக்கல் சீட் கிடைத்திருக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காமல் மெக்கானிக்கல் எடுத்தால் வாழ்க்கையே போச்சு என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: அம்மா, பையனுக்கு எதையாவது கழற்றிப் பார்க்கும் பழக்கம் உண்டா? உண்டு என்றால் தைரியமாகச் சேருங்கள். எனக்குப் புரோகிராம் எழுதத் தெரிந்த பிள்ளைகள் நிறையக் கிடைக்கிறார்கள். புரோகிராமும் தெரிந்து, மைக்ரோமீட்டரும் பிடிக்கத் தெரிந்த பிள்ளைதான் கிடைப்பதில்லை. முதல் வருஷத்திலிருந்தே பைத்தான் கொஞ்சம், எலக்ட்ரானிக்ஸ் கொஞ்சம் சேர்த்துப் படிக்கட்டும். லீவில் அரசு டூல் ரூம் பயிற்சி மையமான ஜி.டி.டி.சி. மாதிரி இடங்களில் குறுகிய காலப் பயிற்சி இருந்தால் விசாரியுங்கள்.

ஒன்று செய்யுங்கள். மாதவரா பக்கம் உள்ள கண்காட்சி வளாகத்தில் இம்டெக்ஸ் என்ற மெஷின் டூல் கண்காட்சி நடக்கும். 2024 நவம்பரிலிருந்து பச்சை லைன் மெட்ரோ மாதவரா வரைக்கும் போகிறது. அடுத்த தடவை நடக்கும்போது பையனோடு நீங்களும் போய் வாருங்கள். ஒரு மெஷின் முன்னால் அவன் எவ்வளவு நேரம் நிற்கிறான் என்று பாருங்கள். சொந்தக்காரர்கள் சொல்வதைவிட அது உங்களுக்கு நன்றாகச் சொல்லும்.

கேள்வி (உதவிப் பேராசிரியர், மெக்கானிக்கல் துறை): மனித மையம் என்று சிலபஸில் எழுதிவிடலாம் சார். லேபில் எப்படிக் கொண்டுவருவது? எங்களிடம் பணமும் இல்லை.

பதில்: சார், நீங்களும் நானும் ஒரே படகில்தான் இருக்கிறோம். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று அங்கீகரிக்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014இல் இந்தியா நிரந்தர உறுப்பினர் ஆனது. அதை ஒட்டி கோர்ஸ் ஃபைலில் 12 கற்றல் விளைவுகளை எத்தனை தடவை நிரப்பியிருப்போம்! அதில் ஏழு, கணக்கும் டிசைனும் அல்லாதவை: சமூகம், சுற்றுச்சூழல், நெறி, குழுவாக வேலை செய்வது, எடுத்துச் சொல்வது, நிர்வாகம், ஆயுள் முழுக்கக் கற்பது. இவற்றுக்கு நேராக ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். பிள்ளைகள் ஒரு தொழிலாளியோடு பத்து நிமிஷம் பேசாமலேயே பட்டம் வாங்கிவிடுகிறார்கள்.

எங்கள் லேபில் செய்வதைச் சொல்கிறேன். பழைய லேத் ஒன்று இருக்கிறது, அதை ஓட்டும் லேப் இன்ஸ்ட்ரக்டர் ஐ.டி.ஐ. படித்தவர், மெஷினை நன்றாகத் தெரிந்தவர். நாலு பேர் கொண்ட குழு. முதல் மூன்று வாரம் சென்சாரைத் தொடக் கூடாது. அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து, எப்போது நிறுத்துகிறார், எதைப் பார்த்து நிறுத்துகிறார் என்று எழுத வேண்டும். முதல் நாள் அரைப் பக்கம் தாண்டாது. மூன்றாவது வாரம் வரும்போது சில்லு நீலமாக மாறியதும் வேகத்தைக் குறைத்தார், டெயில்ஸ்டாக் பக்கம் கையை வைத்துப் பார்த்தார் என்று ஆறு பக்கம் வரும். அதற்கப்புறம்தான் எந்த சென்சார், எங்கே என்ற பேச்சு.

மார்க்கில்தான் விஷயமே இருக்கிறது. 50இல் 20ஐ அந்த இன்ஸ்ட்ரக்டர் போடுகிறார். அவர் கேட்பது ஒன்றே ஒன்று: "நாளைக்கு இதை நான் உபயோகிப்பேனா?" போன வருஷம் ஒரு குழு அழகான போன் ஆப் செய்தது. கை முழுக்கக் கூலண்ட், அவர் போனைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஆறு மார்க். இன்னொரு குழு அவர் பார்வை எப்போதும் விழும் இடத்தில், டூல் போஸ்ட்டுக்குப் பின்னால், ஒரு சின்ன மஞ்சள் விளக்கு வைத்தது. பதினெட்டு. ஆப் செய்த பிள்ளைகளுக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் அந்த வாரமே ஆப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு அவரிடம் திரும்ப வந்து உட்கார்ந்தார்கள். இதற்கு ஆன செலவு, போர்டும் சென்சாரும் சேர்த்து, ஒரு குழுவுக்கு இரண்டாயிரம் ரூபாய்கூட இல்லை. இன்ஸ்ட்ரக்டருக்கு மார்க் போடும் உரிமை வாங்கத்தான் எனக்கு ஒரு செமஸ்டர் பிடித்தது. அந்தக் கஷ்டத்துக்குத் தயாராக இருங்கள்.

கேள்வி (பட்டறை ஓனர், ராஜகோபால் நகர்): மெஷினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான பி.எல்.சி.யை இன்டர்நெட்டில் போட்டு வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்கிறார்கள். போடலாமா?

பதில்: நேராகப் போடாதீர்கள். 2010இல் வெளியே தெரியவந்த ஸ்டக்ஸ்நெட் வைரஸ் பி.எல்.சி.யைக் குறிவைத்துத்தான் எழுதப்பட்டது. மெஷின்களுக்குத் தனி நெட்வொர்க், ஆபீஸ் வைஃபையோடு சேரக் கூடாது. டேட்டா உள்ளேயிருந்து வெளியே போகலாம், வெளியேயிருந்து கட்டளை உள்ளே வரக் கூடாது. கம்பெனியிலிருந்து வந்த பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றுங்கள். வெளியேயிருந்து யாரோ ஸ்பிண்டிலை ஸ்டார்ட் செய்தால், ஜாபைக் கவ்விச் சுற்றும் சக்குக்குள் கை வைத்திருப்பவர் உங்கள் ஆள்.

கேள்வி (சாஃப்ட்வேர் இன்ஜினியர், எலக்ட்ரானிக் சிட்டி): நான் தொழிற்சாலைகளுக்கு டேஷ்போர்டு டிசைன் செய்கிறேன். இதுவரை ஒரு ஷாப் ஃப்ளோரைக்கூட நேரில் பார்த்ததில்லை. எனக்கு உறுத்துகிறது.

பதில்: அந்த உறுத்தல் நல்லதும்மா, விடாதீர்கள். ஒரு முழு ஷிஃப்ட், முடிந்தால் நைட் ஷிஃப்ட், உங்கள் ஸ்கிரீன் இருக்கும் இடத்தில் நில்லுங்கள். நீங்கள் வைத்த 'பீப்' சத்தம் பிரஸ் ஓடும்போது யார் காதிலும் விழாது. சிவப்பு பச்சை இரண்டும் ஒரே மாதிரி தெரியும் ஆண்கள் ஒவ்வொரு பெரிய ஷெட்டிலும் இருப்பார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள். அதனால் நிறத்தோடு வடிவத்தையும் மாற்றுங்கள், நின்றால் சதுரம், ஓடினால் வட்டம். எழுத்து ஆறு அடி தள்ளி நின்றாலும் தெரிய வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் வைக்காதீர்கள். இங்கே ஒரே லைனில் கன்னடம், தமிழ், இந்தி, ஒடியா பேசுகிறவர்கள் நிற்கிறார்கள். அலாரத்துக்கு அவர்கள் தங்களுக்குள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு, அந்தப் பெயரையே ஸ்கிரீனில் போடுங்கள். ஒரு இடத்தில் 'லோ லூப் பிரஷர்' என்று வந்ததை "எண்ணெய் பத்தல" என்று மாற்றினோம். அதற்கப்புறம் அந்த அலாரத்தை யாரும் சும்மா ரீசெட் அழுத்திவிட்டுப் போகவில்லை.

இன்னொன்று: ஒரு ஷிஃப்டில் எத்தனை அலாரம் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். நூறு வந்தால் யாரும் ஒன்றையும் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி (ஐ.டி.ஐ. மாணவி, எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் டிரேடு): அண்ணா, ஏ.ஐ. எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்கிறார்கள். வயரிங்கும் அளவு எடுப்பதும் நாங்கள் ஏன் படிக்க வேண்டும்?

பதில்: தங்கச்சி, தொழிற்சாலை சென்சார்கள் பல 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை கரண்ட் அனுப்பும் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஏன் பூஜ்யத்தில் ஆரம்பிக்காமல் நாலில்? அளவு பூஜ்யமாக இருந்தாலும் நாலு வந்துகொண்டிருக்கும். கரண்ட்டே வரவில்லை என்றால் வயர் அறுந்தது என்று அர்த்தம். ஒன்றுமில்லை என்பதற்கும் ஒன்றும் தெரியவில்லை என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த நாலு காப்பாற்றுகிறது.

போன ஏப்ரலில் எங்கள் மாணவர்கள் கூலண்ட் டேங்க்குக்கு டெம்பரேச்சர் சென்சார் வைத்து, மெஷின் லேர்னிங் எல்லாம் போட்டு ஒரு புராஜெக்ட் காட்டினார்கள். நாலு என்றால் 0 டிகிரி, 20 என்றால் 100 டிகிரி. ஸ்கிரீனில் கூலண்ட் 0 டிகிரி, நிலைமை இயல்பு என்று வந்துகொண்டே இருந்தது. கோடைக்காலம், பெங்களூர், 0 டிகிரி. குழுவில் யாருக்கும் அது விசித்திரமாகத் தெரியவில்லை. அவர்கள் எழுதிய புரோகிராமைத் திறந்து பார்த்தேன். டெர்மினலில் ஒரு வயர் கழன்றிருந்ததால் கரண்ட் வரவே இல்லை, கணக்கு மைனஸ் 25 என்று சரியாகக் கத்தியிருக்கிறது. மைனஸ் அசிங்கமாக இருக்கிறது என்று, மைனஸ் வந்தால் பூஜ்யம் என்று நினைத்துக்கொள் என ஒரு வரி எழுதியிருந்தார்கள். அதற்கு மேலே இருந்த மாடல் அந்தப் பூஜ்யத்தை நம்பி நல்லபடியாகக் கற்றுக்கொண்டிருந்தது.

லேப் அட்டெண்டர் அக்கா டேங்க்கில் விரலை விட்டுப் பார்த்து, "வெதுவெதுன்னு இருக்கே சார்" என்றார். ஸ்க்ரூவை இறுக்கினோம். 31 டிகிரி.